நிறத்திற்கும் உடல்வாகிற்கும் ஏற்ற ஆடை: சில விளக்கங்கள்

பெருநாளுக்கோ நிக்காஹுக்கோ துணி எடுக்கப் போகும் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, “உன் கலருக்கு இது எடுக்காது” என்பதுதான். பெரும்பாலும் அதைக் கேட்பவள் வீட்டிலேயே சற்றுக் கறுத்த பெண்ணாக இருப்பாள். தங்கைக்கு ரோஸ், தனக்குப் பழுப்பு என்று கடைக்குப் போகும் முன்பே அவள் மனத்தில் முடிவாகிவிடும். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெறும் பழக்கம் என்பதைத் தெரிந்துகொண்டால் செலவும் மிச்சமாகும், மனவருத்தமும் குறையும்.

ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லையோரம் இருக்கும் பேரிகை போன்ற ஊர்களில் இந்தத் தேர்வு இன்னும் சிக்கலானது. கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். புடவை, சுடிதார், புர்கா, ஜுப்பா, கைலி, கம்பெனிச் சீருடை எல்லாம் ஒரே வீட்டுக் கொடியில் காயும். சிலர் ஓசூரில் எடுப்பார்கள். சிலர் பெங்களூரு சிக்பேட்டைக்கோ சிவாஜிநகருக்கோ போவார்கள். இளையவர்கள் கைபேசியில் படம் பார்த்து ஆர்டர் போடுவார்கள். படத்தில் இருந்த நிறம் பார்சலில் வருவதில்லை, படத்தில் இருந்த உடம்பும் நம் உடம்பு அல்ல. எனவே இந்த விஷயத்தின் அடிப்படைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோலின் நிறம்

மனிதத் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காப்பது அதன் வேலை. வெயில் மிகுந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது அதிகமாக இருப்பது பாதுகாப்பு. திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் 22ஆம் வசனம், மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகவே எண்ணுகிறது.

தோலை வகைப்படுத்தும் அட்டவணைகள் பல உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் அமெரிக்காவில் உருவானது. ஒருவர் தோல் வெயிலில் எவ்வளவு எரியும், எவ்வளவு கறுக்கும் என்று அறிந்து, ஒளி சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்க வந்த கணக்கு அது. துணிக்கடைக்காக வந்ததல்ல. பழுப்பும் கறுப்புமான தோல்களுக்கான வகைகள் அதில் பிறகுதான் சேர்ந்தன. அதேபோல், மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரித்து நிறம் சொல்லும் முறை, 1980இல் கரோல் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய நூலால் பரவியது. கருங்கூந்தலும் கருவிழியும் உடைய ஆசியரில் பெரும்பாலோரை அது ‘குளிர்காலம்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது. ஒரே வீட்டில் ஐந்து விதமான மாநிறம் உள்ள நமக்கு அந்தப் பெட்டி போதாது.

மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் இன்ன நிறம், நீலமாகத் தெரிந்தால் இன்ன நிறம் என்று ஒரு சோதனையும் உலவுகிறது. கறுத்த தோலில் நரம்பின் நிறம் சரியாகத் தெரியாது. விளக்குக்கு விளக்கு மாறவும் செய்யும். அதை நம்பித் துணி எடுக்க வேண்டியதில்லை.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

ஆடை நிறத்தைப் பற்றிய பயனுள்ள உண்மை ஒரு சாயப்பட்டறையில் பிறந்தது. பாரிஸ் நகரின் கோபலன் அரசு நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் இயக்குநராக வந்தவர் மிஷேல் யூஜின் செவ்ரூல் என்ற வேதியியலாளர். நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யும் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் மற்ற பட்டறைகளின் கறுப்பு நூலையும் வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. இதை 1839இல் விரிவான நூலாக வெளியிட்டார். எந்தத் தோல் நிறத்துக்கு எந்த ஆடை என்பதையும் அதில் ஆராய்ந்திருக்கிறார்.

அவர் கண்டதன் சாரம் எளிது. ஒரு நிறம் தன் பக்கத்தில் உள்ளதைத் தனக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். அடர்ந்த துணிக்குப் பக்கத்தில் முகம் சற்று வெளிச்சமாகத் தெரியும்; வெளிர் துணிக்குப் பக்கத்தில் சற்று அடர்ந்து தெரியும். பச்சைத் துணி முகத்தில் உள்ள செம்மையை எடுத்துக் காட்டும். பளீர் சிவப்பு, முகத்தைச் சற்றுப் பசுமை கலந்ததாகக் காட்டக்கூடும்.

இதற்கு எதிராக இன்னொரு வேலையும் நடக்கிறது. துணியின் மேல் படும் வெளிச்சம் தெறித்து தாடையிலும் கன்னத்திலும் விழும். வெள்ளைத் துணி முகத்தின் கீழ் நிழலைக் குறைப்பது இதனால்தான். புகைப்படக்காரர்கள் மணமக்கள் பக்கத்தில் வெள்ளைத் தட்டி பிடிப்பதும் இதற்கே. இரண்டில் எது மேலோங்கும் என்பது துணியின் பளபளப்பையும் வெளிச்சம் வரும் திசையையும் பொறுத்தது. ஆகவே புத்தகத்தில் படித்த விதியை விட, துணியை முகத்தருகே வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

எப்படிப் பார்ப்பது?

கடையின் விளக்கடியில் பார்க்காமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் சாயல் கொண்ட விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் தூக்கலாகத் தெரியும், நீலம் மங்கும். வெண்ணிற எல்.இ.டி. விளக்கில் இது தலைகீழாகும். ஒரு விளக்கில் ஜோடி சேரும் சட்டையும் பேண்டும் இன்னொரு விளக்கில் சேராமல் போவதும் உண்டு. நேர் வெயிலும் வேண்டாம். நிழலான வாசல் போதும்.

துணியைத் தாடையின் கீழ் பிடித்து, கண்ணாடியில் துணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணடிக் கருவளையம் தூக்கலாகத் தெரிகிறதா? உதடு வெளுத்துப் போகிறதா? முதலில் கண்ணில் படுவது துணியா, முகமா? முகம் தெளிந்து தெரிந்தால் அந்த நிறம் ஒத்துவருகிறது என்று பொருள். ஒரே நிறத்தில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்றை மாற்றி மாற்றிப் பிடித்தால் வேறுபாடு உடனே தெரியும். “பச்சை எனக்கு ஆகாது” என்று சொல்கிற பலருக்கு ஆகாதது ஏதோ ஒரு பச்சைதான். கிளிப்பச்சை ஒத்துவராதவருக்குப் பாசிப்பச்சையோ மயில்கழுத்தோ ஒத்துவரும்.

சில தொடக்கக் குறிப்புகள்

கறுத்த நிறத்தினருக்கு, நிறம் நிறைந்த துணிகள் நன்றாக அமைகின்றன. அரக்கு, மிளகாய்ப்பழச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நீலம், வாடாமல்லி, நாவல்பழ நிறம் ஆகியவை முகத்தைத் துலக்கும். தூய வெள்ளையும் சந்தன நிறமும் அழகான எதிர்நிலை தரும். தோலின் நிறத்துக்கு மிக நெருங்கிய மங்கிய பழுப்பு, சாம்பல் கலந்த காக்கி போன்றவையே முகத்தைக் களையிழக்கச் செய்யும். “கறுப்புக்கு மங்கலான நிறம்தான் பொருத்தம்” என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் தலைகீழான ஆலோசனை.

மாநிறத்தினருக்குத் தேர்வு மிக விரிவானது. மஞ்சள் சாயல் தூக்கலாக இருப்பவர்கள் கடுகு மஞ்சளைத் தள்ளிவைத்து, பாக்கு நிறம், செங்கல் சிவப்பு, கரும்பச்சை, இங்க் நீலம் ஆகியவற்றைப் பார்க்கலாம். செம்மை கலந்த மாநிறத்துக்கு வெங்காயத் தோல் நிறம், கத்தரிப்பூ, கடல்நீலம் நன்கு அமையும்.

வெளுத்த நிறத்தினருக்கு மிக வெளிர்ந்த கிரீம், இளமஞ்சள் போன்றவை சோகை பிடித்ததுபோல் காட்டும். நடுத்தர அடர்த்தியுள்ள நீலம், பச்சை, ரோஜா நிறம் முகத்துக்கு உயிர் தரும்.

நம் நெசவாளர்கள் இந்த நிறங்களை ஏட்டில் படித்துத் தேர்ந்தவர்கள் அல்லர். காஞ்சிபுரத்தில் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ‘எம்.எஸ். புளூ’ என்றே ஒரு நீலம் இன்றும் கேட்டு வாங்கப்படுகிறது. இந்த மண்ணின் தோலோடு எது சேரும் என்பதைத் தறிக்காரர்கள் கண்ணால் கண்டு வைத்திருக்கிறார்கள்.

ஹிஜாப் அணிபவர்களுக்கு

முகத்தை ஒட்டியிருக்கும் துணியே முகத்தை மாற்றிக் காட்டுகிறது என்றால், ஹிஜாப் அணியும் சகோதரிகளுக்கு வேலை பாதியாகிவிடுகிறது. சுடிதார் எந்த நிறமாக இருந்தாலும், தலைத்துணியின் நிறம் ஒத்துவந்தால் போதும். தனக்கு ஒத்துவரும் மூன்று நான்கு நிறங்களில் தலைத்துணி வைத்திருந்தால், இருக்கிற உடைகளையே மாற்றி மாற்றி அணியலாம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் முழு செட் எடுப்பதை விட இது சிக்கனம்.

கறுப்புப் புர்காவுக்குக் கறுப்பு ஹிஜாப்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. கறுப்பு சிலருக்குக் கண்ணடி நிழலைக் கூட்டிக் காட்டும். அவர்கள் கருநீலம், அடர் பாக்கு நிறம், கரும்பச்சை போன்றவற்றைப் பார்க்கலாம். வட்ட முகத்தினர் நெற்றியில் சற்று இடம் விட்டுக் கட்டினால் முகம் நீண்டு தெரியும். நீண்ட முகத்தினர் பக்கவாட்டில் சற்றுத் தளர்வாக விட்டால் சமன்படும். ஜார்ஜெட், ஷிஃபான் நழுவும், உள்தொப்பி தேவைப்படும். பருத்தியும் ஜெர்சியும் நிற்கும்.

உடல்வாகு

நிறத்தை விட அதிகம் தவறாகச் சொல்லப்படுவது உடல்வாகு பற்றிய ஆலோசனை. குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும், நெடுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இலேயே இதற்கு மாறானதைக் காட்டினார். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும், நெடுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் அகலமாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சன் 2008இல் பெண்களின் உருவப்படங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக் கோடு பருமனாகக் காட்டவில்லை என்றே கண்டார். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லா உடம்புக்கும் ஒரே முடிவைத் தரவில்லை. கோட்டின் திசைக்காக ஒரு நல்ல துணியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

உண்மையில் வேறுபாடு தருவன வேறு. முதலாவது தோள். தோள்பட்டைத் தையல் தோளின் முனையில் சரியாக அமர்ந்தால், அதன் கீழ் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் உடை எடுப்பாக நிற்கும். தோள் இறங்கினால் விலை உயர்ந்த துணியும் இரவல் வாங்கியதுபோல் தெரியும். ஆன்லைனில் எடுக்கும்போது ‘எல்’, ‘எக்ஸ்எல்’ என்ற எழுத்தை நம்பாமல், நன்றாகப் பொருந்தும் பழைய உடை ஒன்றின் தோள், மார்பு, நீளம் மூன்றையும் டேப்பால் அளந்து ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது நீளம். குட்டையானவர்களுக்கு, மேலாடை முழங்காலுக்குச் சற்று மேலே முடிந்து, அதே நிறத்தில் பேண்ட் தொடர்ந்தால் உயரம் கூடியதுபோல் தெரியும். மேலும் கீழும் நேர்மாறான நிறம் உருவத்தை இரண்டாக வெட்டும். புடவையில் அகலக் கரையை விடச் சிறுகரை பொருந்தும். மிக உயரமானவர்களுக்கு அகலக் கரையும் எதிர் நிறமும் அழகு.

மூன்றாவது துணியின் கனம். பருமனானவர்களுக்கு விறைத்து நிற்கும் ஆர்கன்சா, மொடமொடப்பான காட்டன் போன்றவை இன்னும் அகலம் சேர்க்கும். ஒழுகி விழும் கிரேப், மெல்லிய பருத்தி நன்று. ஒல்லியானவர்களுக்கு மொடமொடப்பான துணியும் கொசுவமும் நிறைவு தரும். பெரிய உருவத்தில் மிகச் சிறு பூவும், சிறிய உருவத்தில் மிகப் பெரிய பூவும் எடுப்பாக இருக்காது. அடர் நிறம் சற்று ஒடுக்கியும் வெளிர் நிறம் சற்று விரித்தும் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாடு சிறியது. இடுப்பு அகன்றவர்கள் ‘ஏ-லைன்’ வெட்டில், இடுப்பிலிருந்து விரிந்து இறங்கும்படி தைக்கச் சொல்லலாம். உடலை இறுக்காமல் அழகாக நிற்பது இந்த வெட்டின் சிறப்பு. தளர்வான ஆடை அணிய வேண்டிய நம் பெண்களுக்கு இது மிகவும் ஏற்றது.

ஆண்களுக்கும் மார்க்க வரம்புக்கும்

பெண்களுக்கு நிறத்தில் மார்க்கம் தடை போடவில்லை. மறைக்க வேண்டியதை மறைப்பது, இறுக்கமும் உடல் தெரியும் மென்மையும் இல்லாதிருப்பது, வீண்விரயமும் பெருமையும் கலவாதிருப்பது ஆகியவையே வரம்புகள். கணவரை இழந்து இத்தாவில் இருப்பவர் மட்டும் அலங்கார ஆடையைத் தவிர்க்க வேண்டும்.

ஆண்களுக்கு இயற்கைப் பட்டு கூடாது. நான்கு விரல் அகலத்துக்கு மேற்படாத பட்டுக்கரைக்கு அனுமதி உண்டு. மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு விற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைப் பலரும் கேட்கிறார்கள்: பட்டு வளர்ப்பதும் விற்பதும் தடையல்ல, ஆண் உடுத்துவதே தடை. ‘ஆர்ட் சில்க்’ என்று விற்கப்படுவது பட்டுப்பூச்சியின் நூல் அல்ல, செயற்கை இழை. அதற்கு இந்தத் தடை பொருந்தாது. வாங்கும் முன் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

வெள்ளைதான் சிறந்தது என்பதால் மாப்பிள்ளைகள் பளீர் வெள்ளையில் நிற்பார்கள். கறுத்தவர்களுக்கு அது மிக அழகாகவே அமையும். வெளுத்தவர்களுக்கு வெண்ணெய் நிறம் சற்றுக் கனிவாக இருக்கும். தொந்தி உள்ளவர்கள் சட்டையைச் செருகாமல், இடுப்புக்கு ஒரு சாண் கீழே முடியும் நேர்வெட்டில் தைக்கலாம். ஜுப்பாவுக்கும் முதலில் தோள் சரியாக இருக்க வேண்டும்.

வேலையும் பயணமும்

அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஆபத்து. ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள், சுழலும் இயந்திரத்தின் பக்கம் தொங்கும் முனை எதுவும் இல்லாதபடி தலைத்துணியை உள்ளே செருகிக் கட்ட வேண்டும். குண்டூசியை விடத் தைத்த வளையத் தலைத்துணி பாதுகாப்பானது. இருசக்கர வாகனத்தின் பின்னால் உட்காருபவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆவது விதி சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிடும் தம்பிகள், பின்னால் உட்காரும் உம்மாவின் புர்காவை நினைக்க வேண்டும். ஓசூர் மேட்டின் மார்கழிக் குளிரில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வெளிச்சமான நிற மேலாடை சாலையில் தூரத்திலேயே தெரியும் என்பதும் ஒரு பயன்.

ஆடையை மாற்றுங்கள், தோலை அல்ல

“உன் கலருக்கு இது எடுக்காது” என்ற பேச்சு துணிக்கடையோடு நிற்பதில்லை. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்த ஒரு சிவப்பழகு க்ரீம் தலைமுறைகளின் மனத்தில் ‘வெளுப்பே அழகு’ என்று பதித்தது. 2009இல் சென்னையிலிருந்து ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. தோல் நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் நெறிகள் வகுத்தது. 2020இல் அந்த க்ரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லே நீக்கப்பட்டது. பெயர் மாறியது, பெண் பார்க்கப் போகும் வீடுகளின் பேச்சு இன்னும் மாறவில்லை.

அந்தப் பேச்சின் விலை சில சமயம் உடல்நலம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கலில் உள்ள ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் க்ரீம் பூசி வந்தவர்கள். இத்தகைய க்ரீம்கள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும், தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் தாக்கும். தயாரித்தவர் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பாவை, வளைகுடாவிலிருந்து வந்தது என்று யார் கொடுத்தாலும் வாங்கிப் பூசாதீர்கள். முன்பே பூசி வந்தவருக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், தாமதியாமல் மருத்துவரிடம் போய் க்ரீமையும் காட்டுங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, மகள் ஆசைப்பட்டு எடுக்கும் நிறத்தை அவளுடைய நிறத்தைச் சொல்லித் தடுக்காதீர்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, அதே நிறத்தில் இன்னும் இரண்டு அடர்த்திகளை எடுத்துவரச் சொல்லி, மூன்றையும் அவள் தாடையின் கீழ் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று பொருந்தும்.